பழைய வால்வு ஆம்ப்ளிபயரும் பென்சிலில் எழுதிய மூன்று எண்களும்



"வால்வு என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால், நம்மில் பாதிப் பேர் "சைக்கிள் டியூபில் இருக்குமே, அதுதான் சார்" என்று சொல்லிவிட்டு அரியருக்குத் தயாராகிவிடுவோம். குற்றம் நம்முடையது மட்டுமல்ல. நம் பாடத்தில் டயோடு முடிந்தால் டிரான்சிஸ்டர், டிரான்சிஸ்டர் முடிந்தால் ஐ.சி. வால்வுக்கு முன்னுரையில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தாலே பெரிய விஷயம். ஆனால் கிடார் வாசிப்பவர்கள் மட்டும் இன்றுவரை வால்வை விட மறுக்கிறார்கள். காரணம் என்ன என்று எங்களுக்கும் தெரியாது, அந்தப் பெட்டி எங்கள் லேபுக்கு வரும்வரை.

கொண்டுவந்தவர் முத்தியால்பேட்டையைச் சேர்ந்த பெரியவர். எழுபதுகளில் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ஊமையாயி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. காயலான் கடைக்காரன் டிரான்ஸ்பார்மருக்காகக் கேக்குறான். இன்னொருத்தர், உள்ள இருக்குறத எல்லாம் எடுத்துட்டு ஐ.சி. போர்டு வெச்சித் தரேங்கறாரு. எனக்கு ரெண்டும் வேணாம். இது அப்ப எப்படிக் கத்துச்சோ அப்படியே கத்தணும்."

பெட்டியில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. இதே ஊரில் ஒரு ரேடியோ மெக்கானிக் கையால் செய்தது. அவர் இன்று இல்லை. சர்க்யூட் படமும் இல்லை. ஆனால் பின்பலகையைக் கழற்றியபோது, உள்பக்க மரத்தில் பென்சிலால் எழுதிய மூன்று எண்கள் இருந்தன: 310, 190, 10.5.

அந்த மூன்று எண்களுக்கு அர்த்தம் கண்டுபிடித்து, அவை மறுபடியும் மீட்டரில் வரும்வரை செய்த வேலைதான் இந்தக் கட்டுரை.

கிடார் ஆம்ப்ளிபயர் என்ன அவ்வளவு விசேஷம்?

மைக் செட் ஆம்ப்ளிபயரின் வேலை, உள்ளே போனதை அப்படியே பெரிதாக்கி வெளியே தள்ளுவது. அதில் டிஸ்டார்ஷன் வந்தால் குற்றம். கிடார் ஆம்ப்ளிபயர் அப்படியல்ல. அது கிடாரின் பாதி உடம்பு. மரக் கிடாருக்கு வயிற்றுப் பெட்டி எப்படியோ, எலக்ட்ரிக் கிடாருக்கு ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் அப்படி. கம்பியை மெதுவாகத் தொட்டால் சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரத்தும் அது பதில் சொல்ல வேண்டும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் எல்லை தாண்டும்போது பெரும்பாலும் அலையின் உச்சியைக் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று வெட்டும். நெகட்டிவ் பீட்பேக் குறைவாக உள்ள வால்வு ஆம்ப்ளிபயர் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கும். அதோடு ரெக்டிபையரும் வால்வாக இருந்தால், ஓங்கி அடித்த நேரத்தில் சப்ளை வோல்டேஜ் சற்றுத் தாழ்ந்து பிறகு எழும். அந்தத் தாழ்ந்து எழுவதைத்தான் வாசிப்பவர் "மூச்சு விடுது" என்கிறார். இன்ஜினியருக்கு அது குறை. கலைஞனுக்கு அது குணம். பழைய பெட்டியைத் திறக்கும் முன் இதை மனதில் வையுங்கள். குறை என்று நினைத்து நீங்கள் திருத்தப் போவது, ஒருவேளை அதன் குரலாக இருக்கலாம்.

ரிப்பேர் வேறு, மீட்டெடுப்பு வேறு

ரிப்பேர் என்றால் ஓட வைப்பது. மீட்டெடுப்பு என்றால், எப்படி ஓடியதோ அப்படி ஓட வைப்பது. வெளிநாட்டு ஆம்ப்ளிபயர்களுக்கு இது சுலபம். சர்க்யூட் படம், பாகத்தின் நிறம், ஸ்க்ரூவின் தலை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மெக்கானிக் செய்த பெட்டிக்கு எதைப் பார்ப்பது?

எங்கள் குழுவில் ஒருவன், "அசல் எதுன்னே தெரியல. பேசாம இத வாக்ஸ் சர்க்யூட்டா மாத்திடலாம்டா" என்றான். நியாயமாகத்தான் பட்டது. வாக்ஸ் என்பது இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆம்ப்ளிபயர். அதன் ஏ.சி.15 மாடலில் இரண்டு இ.எல்.84 வால்வுகள், ஏ.சி.30 மாடலில் நான்கு. எங்கள் பெட்டியிலும் இரண்டு இ.எல்.84, இரண்டு இ.சி.சி.83, ரெக்டிபையராக ஒரு இ.இசட்.81. குடும்பம் ஒன்றுதான். அப்படியானால் இது வாக்ஸின் நகலா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது இன்னொரு கதை கிடைத்தது. இன்று உலகமே கொண்டாடும் மார்ஷல் ஆம்ப்ளிபயரும் ஆரம்பத்தில் ஒரு நகல்தான். 1962-ல் லண்டன் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் ஜே.டி.எம்.45 என்ற ஆம்ப்ளிபயரைச் செய்தார்கள். அமெரிக்காவின் பெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரில் கிடைத்த பாகங்களைப் போட்டார்கள். பாஸ்மேனில் முதல் வால்வு 12ஏ.ஒய்.7, இவர்கள் போட்டது அதைவிட அதிக கெயின் உள்ள இ.சி.சி.83. அங்கே நான்கு 10 இஞ்ச் ஜென்சன் ஸ்பீக்கர். இங்கே மூடிய பெட்டிக்குள் நான்கு 12 இஞ்ச் செலஸ்டியன். டிரான்ஸ்பார்மரும் இங்கிலாந்துச் சரக்கு. காகிதத்தில் ஏறத்தாழ ஒரே சர்க்யூட், ஆனால் காதுக்கு வேறு ஆள். பிறகு அதுவே தனி வம்சமாகிவிட்டது.

இன்று யாராவது ஒரு பழைய மார்ஷலைக் கொண்டுவந்து "இதைத் திருத்தி அசல் பாஸ்மேனாக மாற்றுங்கள்" என்றால் அடிக்க வருவார்கள். அப்படியிருக்க, நம் ஊர் மெக்கானிக் கையில் கிடைத்த பாகங்களை வைத்துச் செய்ததை மட்டும் வாக்ஸாக மாற்றுவது என்ன நியாயம்? அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். இந்தப் பெட்டிக்கு லண்டன் அசல் அல்ல; இந்தப் பெட்டியேதான் அசல்.

முதலில் படி, பிறகு தொடு

சால்டரிங் அயர்னைத் தேடும் முன் செய்ய வேண்டியது எழுத்து வேலை. ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள். ஒயரின் நிறம், பாகத்தின் மதிப்பு, எந்த டேகில் எது சேர்கிறது என்று ரெக்கார்டு நோட்டில் வரையுங்கள். நாங்கள் சர்க்யூட் முழுவதையும் வரைந்து முடிக்க நான்கு சாயங்காலம் ஆனது. போரடிக்கும் வேலைதான். ஆனால் பாதிப் பிழைகள் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, வயதைக் கண்டுபிடிப்பது. பழைய பாகங்களில் தேதி ஒளிந்திருக்கும். அமெரிக்க வால்யூம் கண்ட்ரோலில் 137 6512 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனியின் எண், 65 ஆண்டு, 12 வாரம். முல்லார்டு வால்வின் அடியில் உள்ள குறியில் முதல் எழுத்து தொழிற்சாலை, அடுத்தது ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த எழுத்து மாதம், கடைசியில் வாரம். அதில் ஒரு சிக்கல், கடைசி இலக்கம் மட்டுமே இருப்பதால் எந்தப் பத்தாண்டு என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் பில்டர் கண்டென்சர் கேனின் மேல் 1967 என்று அச்சாகியிருந்தது. அந்தக் கேனில் ஒருமுறைதான் ஈயம் வைத்திருக்கிறது. பிறகு தொட்ட அடையாளம் இல்லை. ஆகவே ஆம்ப்ளிபயர் 1967-க்கு முந்தியது அல்ல. விதி இதுதான்: கைபடாத பாகங்களில் எது கடைசியாகத் தயாரானதோ, அதற்குப் பிறகுதான் பெட்டி பிறந்திருக்க முடியும். பின்னால் மாற்றிய பாகத்தை நம்பி ஜாதகம் எழுதாதீர்கள்.

வால்வுகளைப் பார்த்தபோது ஒரு ஆச்சரியம். இரண்டு இ.எல்.84-ல் ஒன்று பெங்களூர் பி.இ.எல். தயாரிப்பு. 1954-ல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-லிருந்து ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. இன்னொன்று பிரான்சில் மாஸ்டா என்ற பெயரில் வந்தது. பெரியவரிடம் கேட்டோம். "அதுவா, ஒரு சொல்தா வீட்டு ரேடியோவுல இருந்து எடுத்தது. அப்ப ஒண்ணு போயிடுச்சு, கச்சேரி நாளைக்கு. வேற கெடைக்கல" என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை நம் ஊரில் சொல்தா என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. அந்த ஊரின் கதை ஒரே சேசிஸில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. கம்பெனி வேறு வேறு என்று தூக்கிப் போடத் தோன்றுமா, சொல்லுங்கள்!

உயிர் முக்கியம், சரித்திரம் அப்புறம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நாம் பழகியது 5 வோல்ட், 12 வோல்ட். இங்கே 300 வோல்ட் டி.சி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது காத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து வீரம் காட்டாதீர்கள். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த ஒயரில் கட்டி, பாசிட்டிவுக்கும் சேசிஸுக்கும் இடையே பிடியுங்கள். 64 மைக்ரோபாரட் என்றால் டைம் கான்ஸ்டன்ட் 0.64 வினாடி. ஐந்து மடங்கு, அதாவது மூன்றே கால் வினாடியில் காலியாகிவிடும். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். கரண்ட் இருக்கும்போது அளப்பதானால் ஒரு கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். தனியாக மட்டும் செய்யவே கூடாது; பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்தது மெயின்ஸ் ஒயர். பழைய பெட்டிகளில் இரண்டு பின் பிளக்தான். எர்த் கிடையாது. இரைச்சல் குறைய, மெயின்ஸின் ஒரு முனையிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்ன கண்டென்சர் வேறு போட்டிருப்பார்கள். எங்கள் பெட்டியில் அது 0.05 மைக்ரோபாரட். 50 சைக்கிளில் அதன் ரியாக்டன்ஸ் ஏறத்தாழ 64 கிலோ ஓம். 230 வோல்ட்டில் 3.6 மில்லி ஆம்பியர் அதன் வழியே போகும். நல்ல நிலையில் இருக்கும்போதே தொட்டால் சுரீர் என்று இழுக்கும். அந்தக் கண்டென்சர் ஷார்ட் ஆனால்? முழு 230 வோல்ட்டும் சேசிஸில், அங்கிருந்து கிடார் ஒயரில், அங்கிருந்து கம்பியில், கம்பியிலிருந்து விரலில். வாசிப்பவரின் உதடு எர்த் ஆன மைக்கைத் தொட்டால் கதை முடிந்தது.

இது கற்பனை பயம் இல்லை. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஆகவே இந்த ஒரு இடத்தில் சரித்திரத்துக்குச் சலுகை இல்லை. அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டோம். மூன்று பின் பிளக், மூன்று கோர் ஒயர். எர்த் ஒயரை டேகோடு சேசிஸில் தனி போல்ட் போட்டு முடுக்கினோம். நியூட்ரலில் இருந்த பியூஸை லைனுக்கு மாற்றினோம். பழைய ஒயரையும் கண்டென்சரையும் கவரில் போட்டு, பெயர் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்தோம். எடுத்ததை எறியாதே என்பதும் மீட்டெடுப்பின் விதிதான்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு கட்டாயம். நம் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே போர்டுதான். 60 வாட் குண்டு பல்பை ஆம்ப்ளிபயரோடு தொடராக இணையுங்கள். உள்ளே ஷார்ட் என்றால் பல்பு முழுசாக எரியும், பெட்டி பிழைக்கும். வால்வுகளைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்பார்மரை மட்டும் முதலில் சோதியுங்கள். அதற்கும் முன்னால் 500 வோல்ட் மெக்கரால் டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக்கும் சேசிஸுக்கும் இடையே இன்சுலேஷன் பாருங்கள். கடல் காற்று அடிக்கும் ஊரில் ஐம்பது வருஷம் இருந்த டிரான்ஸ்பார்மரை நம்பக் கூடாது.

கண்டென்சர்: எது சாகும், எது வாழும்?

பழைய செட்டில் எல்லாக் கண்டென்சரையும் மாற்று என்பார்கள் சிலர். ஒன்றையும் தொடாதே என்பார்கள் சிலர். இரண்டும் வேதவாக்கு இல்லை. அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கப்ளிங் கண்டென்சர்தான் முதல் குற்றவாளி. மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர் வயதானால் டி.சி.யைக் கசியவிடும். ஒரு பக்கம் பேஸ் ஸ்பிளிட்டரின் ஆனோடு, 190 வோல்ட். பென்சில் எண்களில் இரண்டாவதன் அர்த்தம் இங்கேதான் புரிந்தது! மறுபக்கம் 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டர். கண்டென்சரின் கசிவு 20 மெகா ஓம் என்று வையுங்கள். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் வோல்டேஜ் டிவைடர் போட்டுப் பாருங்கள்: 190-ஐ 0.47-ஆல் பெருக்கி 20.47-ஆல் வகுத்தால் கிரிட்டில் 4.4 வோல்ட் பாசிட்டிவ். பத்து வோல்ட் பயாஸில் ஓட வேண்டிய வால்வுக்கு இது விஷம். கேதோடு பயாஸ் கொஞ்சம் ஈடுகட்டும், முழுசாக முடியாது. கரண்ட் ஏறி ஆனோடு தகடு சிவக்கும். வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும்.

சோதிக்கும் முறை சுலபம். அவுட்புட் வால்வுகளைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் இரண்டாம் பின்னில் டி.சி. அளக்கவும். ஏறத்தாழ பூஜ்யம் வர வேண்டும். வால்வு இல்லாதபோது சப்ளை ஏறும், அது கண்டென்சரின் 450 வோல்ட் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் 3.8 வோல்ட் வந்தது. இரண்டையும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் பழைய காகித உறையை விடவில்லை. ஹேர் டிரையரால் மெழுகை இளக்கி, உள்ளே இருந்ததை உருவிவிட்டு, அதே மதிப்புள்ள புது பாலியஸ்டர் கண்டென்சரை நுழைத்து, மறுபடி மெழுகால் அடைத்தோம். பார்க்கப் பழசு, வேலையில் புதுசு.

பில்டர் கேன் 32, 32 மைக்ரோபாரட். உலர்ந்துபோய் ஒரு பக்கம் 9 மைக்ரோபாரட்தான் இருந்தது. ஸ்பீக்கரில் ஹம் வந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். 100 சைக்கிள் என்றால் புல்வேவ் ரெக்டிபையரின் ரிப்பிள், அதாவது பில்டர் கோளாறு. 50 சைக்கிள் என்றால் ஹீட்டர் ஒயரிங் அல்லது எர்த் கோளாறு. எங்களுடையது 100. கேனைக் கழற்றாமல் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, சேசிஸின் அடியில் 33 மைக்ரோபாரட், 450 வோல்ட் கண்டென்சர் இரண்டு வைத்தோம். "220 போடுடா, ஹம்மே இருக்காது" என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். இ.இசட்.81-க்கு அடுத்து வரும் முதல் கண்டென்சர் 50 மைக்ரோபாரட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அதன் டேட்டா ஷீட். தாண்டினால் சார்ஜிங் கரண்ட் உச்சத்தில் ரெக்டிபையர் பொறி பறக்கும். அது தப்பினாலும், மேலே சொன்ன அந்த மூச்சு போய்விடும்.

ரெசிஸ்டர்களில் இருபது சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மட்டும் மாற்றினோம். மொத்தம் நான்கு. 100 கிலோ ஓம் ஒன்று 138-ஆக ஏறியிருந்தது. மற்றவை அப்படியே.

நாங்கள் செய்த தப்பு

சர்க்யூட் வரையும்போது ஒன்று உறுத்தியது. முதல் வால்விலிருந்து வால்யூம் கண்ட்ரோலுக்குப் போகும் கண்டென்சர் 0.005 மைக்ரோபாரட். புத்தகத்தில் உள்ள சர்க்யூட்டுகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் 0.02 இருக்கும். "மெக்கானிக் கையில கெடைச்சதப் போட்டிருக்காரு. திருத்திடலாம்" என்று 0.02 போட்டோம். இத்தனைக்கும், எதையும் திருத்தக் கூடாது என்று பேசி முடித்தவர்கள் நாங்கள்தான்!

வாசித்துப் பார்த்தால், சத்தம் கொழகொழவென்று வந்தது. வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தால் பத்து இஞ்ச் ஸ்பீக்கரின் கோன் வாழை இலைபோல் படபடத்தது. பிறகுதான் கணக்குப் போட்டோம். வால்யூம் கண்ட்ரோல் 500 கிலோ ஓம். 0.02 என்றால் கட் ஆப் 16 சைக்கிள். 0.005 என்றால் 64 சைக்கிள். கிடாரின் தடித்த கம்பி, ஆறாவது இ, 82.4 சைக்கிள். அதற்குக் கீழே கிடாரில் சுரமே இல்லை. இருப்பது ஹம்மும், கைதட்டும் ஓசையும்தான். அந்த மனிதர் 64-ல் வேலி போட்டிருக்கிறார். ஆறாவது கம்பியில் இழப்பு வெறும் 2 டெசிபல். 50 சைக்கிள் ஹம்மில் 4 டெசிபல் குறைகிறது. அவரிடம் இருந்தது ரேடியோவுக்கான சின்ன அவுட்புட் டிரான்ஸ்பார்மர். அந்தச் சின்ன இரும்புக் கோர் தாங்காத அடிச் சத்தத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

நாம் குறை என்று பார்த்தது அவருடைய டிசைன். வெட்கத்தோடு பழைய கண்டென்சரைக் கவரிலிருந்து எடுத்து மறுபடி வைத்தோம். எடுத்ததை எறியாதே என்ற விதி எங்களைக் காப்பாற்றியது. கசிவு அளந்தோம். அது நல்ல மைக்கா கண்டென்சர்; இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும்.

மூன்று எண்கள்

இனி வோல்டேஜ். பென்சிலில் இருந்த 310 என்பது ரெக்டிபையருக்கு அடுத்த சப்ளை. 10.5 என்பது இரண்டு இ.எல்.84-க்கும் பொதுவான 130 ஓம் கேதோடு ரெசிஸ்டரில் கிடைக்கும் வோல்டேஜ். அதாவது அந்த மனிதர் நமக்குக் குறிப்பு விட்டுப்போயிருக்கிறார்.

எங்களுக்கு முதலில் வந்தது 334! பயந்துபோய்ப் பார்த்தால், மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரில் 220, 240 என்று இரண்டு டேப். இணைப்பு 220-ல் இருந்தது. அன்று எங்கள் லேபில் லைன் வோல்டேஜ் 236. ஹீட்டரில் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.8 வந்தது. வால்வின் ஆயுளை அது தின்றுவிடும். ஐந்து வால்வின் ஹீட்டர் கரண்ட்டைக் கூட்டினால் 3.1 ஆம்பியர்; டிரான்ஸ்பார்மருக்கும் அது சும்மா இல்லை. டேப்பை 240-க்கு மாற்றினோம். சப்ளை 308. ஹீட்டர் 6.2. பேஸ் ஸ்பிளிட்டரில் 188. கேதோடில் 10.3. மூன்று எண்களும் திரும்பி வந்துவிட்டன!

பெங்களூர் வால்வும் பிரெஞ்சு வால்வும் ஜோடி சேருமா என்பதுதான் கடைசிக் கேள்வி. பழைய வால்வுகளுக்கு மாற்றாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்று நாடுகளிலிருந்தும் புதிய இ.எல்.84 வருகிறது. தேவையென்றால் வாங்கத் தயாராகத்தான் இருந்தோம். ஆனால் முதலில் அளந்தோம். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் ஒரு பாதி 138 ஓம், மறுபாதி 152 ஓம். ஓடும்போது முதல் பாதியில் 5.1 வோல்ட், மறுபாதியில் 5.0. வோல்டேஜை மட்டும் பார்த்தால் சமம் போலத் தெரியும். ஓமின் விதியைப் போட்டால் ஒன்று 37 மில்லி ஆம்பியர், இன்னொன்று 33. அதிகம் இழுக்கும் வால்விலும் 293 வோல்ட்டுக்கு 10.8 வாட்தான். இ.எல்.84-ன் எல்லை 12 வாட். இரண்டும் பிழைத்தன. இரண்டும் அதே சாக்கெட்டில் இருக்கின்றன.

பெட்டியும் பிரம்பும்

ஸ்பீக்கர் முகப்பில் துணிக்குப் பதில் பிரம்புப் பின்னல். நம் ஊரின் பழைய நாற்காலிகளில் பார்த்திருப்பீர்கள், அதே எண்கோணக் கண். இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. நாற்காலி பின்னுபவரிடம் கொடுத்து, அறுந்த இழைகளை மட்டும் சேர்க்கச் சொன்னோம். ரெக்சின் கிழிந்த இடத்தை ஒட்டினோம், மாற்றவில்லை. கோனில் இருந்த கிழிசலுக்கு, தண்ணீர் கலந்த பெவிகாலில் தோய்த்த டிஷ்யூ காகிதம். பச்சைக் களிம்பு பிடித்த வால்வு சாக்கெட்டுகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தளர்ந்த பிடிகளை ஊசியால் நெருக்கினோம். சேசிஸில் துருவை மட்டும் எடுத்தோம், பெயின்ட் அடிக்கவில்லை.

பெரியவர் வந்தார். கிடாரைச் செருகினார். ஆறாவது கம்பியை மெதுவாகத் தட்டினார். பிறகு ஓங்கி அடித்தார். பெட்டி லேசாகக் கரகரத்து, தாழ்ந்து, எழுந்தது. ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் வாசித்துவிட்டு, "வால்யூம் ஏழு வெச்சா கொஞ்சம் தொண்டை கட்டும். அது இருக்கா பாத்தேன். இருக்கு" என்றார். எங்களுக்கு அதைவிடப் பெரிய மார்க் வேண்டாம்.

நண்பர்களே, சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும், நம் ஊர் தெருக்களிலும், பெயர் தெரியாத மெக்கானிக்குகள் செய்த இந்த மாதிரிப் பெட்டிகள் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி எந்தப் புத்தகமும் இல்லை. காயலான் கடைக்குப் போகும்போது செம்பும் இரும்பும்தான் எடை போடப்படும். 64 சைக்கிளில் போட்ட வேலிக்கு எடை கிடையாது. உங்கள் வீட்டுப் பரணிலோ, பக்கத்து சவுண்ட் சர்வீஸ் கடையிலோ ஒன்று இருந்தால், ரிப்பேர் செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரைக் காலி செய்து, சர்க்யூட்டை மட்டுமாவது வரைந்து வையுங்கள்.

நாங்கள் வரைந்த படத்தின் ஒரு பிரதியை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். அவர் பென்சிலில் எழுதிய எண்களுக்குக் கீழே நாங்களும் பென்சிலாலேயே எழுதினோம்: 308, 188, 10.3. லைன் 236, டேப் 240. அடுத்து யார் திறக்கிறார்களோ, அவர்களுக்கு உதவும்.